அளவு நாடா யார் கையில்?



ரமலான் பிறை பதினைந்தைக் கடந்துவிட்டால் திருவெறும்பூர்க் கடைவீதியில் தையற்காரர்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். பெருநாள் கழித்துத் தருகிறேன் என்பதே எங்கும் கிடைக்கும் பதில். அதன் பிறகு கைலாசபுரத்துக் குடும்பங்களுக்கு எஞ்சுவது ஒரே வழிதான். விடுமுறை நாளில் பேருந்தேறி, மலைக்கோட்டைப் பக்கம் என்.எஸ்.பி. சாலைக்கோ சின்னக்கடை வீதிக்கோ போய், நோன்பும் தாகமுமாகக் கூட்டத்தில் நெருக்குண்டு, கண்ணில் பட்ட ஆயத்த ஆடையை வாங்கி வர வேண்டும். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் சட்டையின் கை முழங்கையோடு நின்றிருக்கும். பக்கவாட்டுப் பிளவு இடுப்புவரை ஏறியிருக்கும். துணியை விளக்கின் முன் பிடித்தால் மறுபுறத்து விரல்களை எண்ணலாம். பன்னிரண்டு வயது மகள் அதற்குள்ளே ஒன்றும் அதற்கு மேலே ஒன்றுமாக இன்னும் இரண்டு ஆடைகளை அணிந்துகொண்டு, திருச்சி வெயிலில் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுகிறாள்.

இதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பதை அவர் வைத்திருக்கிறார். நம் பெண்பிள்ளையின் சட்டைக் கை எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதை இரண்டு தலைமுறைக்கு முன்வரை வீட்டுப் பெண்களே முடிவு செய்தார்கள். இன்று அந்த முடிவைத் திருப்பூரிலோ சூரத்திலோ இருக்கும், நம்மையும் நம் மார்க்கத்தையும் அறியாத ஒருவர் எடுக்கிறார். இஞ்ச் டேப் அவர் கையில் இருக்கிறது. ஹயாவைப் பற்றிப் பயான்களில் எவ்வளவோ கேட்கிறோம். அந்த ஹயாவை அங்குலத்தில் அளக்கும் கருவியை மட்டும் கைமாற்றிக் கொடுத்துவிட்டோம். பெருநாள் உடைகளில் ஒன்றையாவது நம் ஊர் மரபில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் வழக்கத்தை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊர் மரபு என்றால் எது என்று சிலர் கேட்கலாம். கைலாசபுரம் பழைய ஊரன்று. 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இங்கே எழுந்தபோது, அதன் ஊழியர்களுக்காக உருவான குடியிருப்பு இது. எந்தெந்த ஊர்களிலிருந்தோ வேலைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஒரே வரிசைக் குவார்ட்டர்ஸில் குடியேறின. ஒரு வீட்டுப் பிள்ளை தகப்பனை வாப்பா என்று அழைக்கும்; அடுத்த வீட்டுப் பிள்ளை அத்தா என்று அழைக்கும். ஒரு வீடு ஷாஃபிஈ, மறு வீடு ஹனஃபீ. நோன்புக் கஞ்சியின் பக்குவம்கூட வீட்டுக்கு வீடு மாறும். ஆயினும் அந்த நாளில் வந்து இறங்கிய ட்ரங்குப் பெட்டிகளைத் திறந்திருந்தால், பெரும்பாலானவற்றில் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துப்பட்டி இருந்திருக்கும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலான கடற்கரை ஊர்களிலும், இராவுத்தர் குடும்பங்கள் வாழும் உள்நாட்டு ஊர்களிலும், வெளியே புறப்படும் பெண் சேலைக்கு மேல் தலைமுதல் கணுக்கால்வரை போர்த்திக்கொண்ட உடை அது. பெயரிலேயே அதன் தையல் இருக்கிறது. இரண்டு பட்டைகள் சேர்ந்தது என்னும் பொருள் கொண்ட வடநாட்டுச் சொல்லிலிருந்து துப்பட்டி என்ற பெயர் வந்தது. பழைய தறிகளில் துணியின் அகலம் குறைவு. ஒரு பட்டை ஒரு பெண்ணை மூடப் போதாது. ஆகவே ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகளைக் கரையோடு கரை வைத்து நடுவில் இணைத்தார்கள். அந்த நடுத்தையலை இழைக்கக் கற்பதே நம் பாட்டிமார் பலருக்கு முதல் தையற்பாடமாக இருந்தது. என் நன்னி அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தே தைத்தவர் யார் என்று சொல்லிவிடுவார்.

அதற்குக் கீழே வந்தவை பாவாடையும் முழுக்கைச் சட்டையும் தாவணியும். இவை முஸ்லிம்களுக்கென்று தனியே உண்டானவை அல்ல. தமிழ்நாட்டின் எல்லா வீட்டுப் பெண்பிள்ளைகளும் உடுத்தியவை. நம் வீடுகளில் சட்டையின் கை மணிக்கட்டுவரை நீண்டது, கழுத்து ஏறியது, தாவணி தோளோடு நில்லாமல் தலைக்கும் வந்தது. ஊரின் உடையையே எடுத்து, மார்க்கம் கேட்ட இடத்தில் மட்டும் சில அங்குலங்களைக் கூட்டிக்கொண்டார்கள். அந்தக் கூட்டல் முழுவதும் வீட்டு ஊசியால் நடந்தது. இதைவிடத் தெளிவாக, தமிழராகவும் முஸ்லிமாகவும் ஒரே நேரத்தில் வாழ்வது எப்படி என்பதை எந்த மேடைப் பேச்சும் எனக்கு விளக்கியதில்லை.

அந்த உடையெல்லாம் மார்க்கம் தெரியாத காலத்தது என்று இன்று சில இளைய சகோதரிகள் சொல்லக் கேட்கிறேன். 1980களுக்குப் பின் வளைகுடாப் பயணங்கள் பெருகப் பெருகக் கறுப்புப் புர்கா வந்தது, துப்பட்டி பெட்டிக்குள் போயிற்று. புதிய உடை வந்ததில் தவறில்லை. பழைய உடையை அணிந்தவர்கள் மார்க்கத்தில் குறைந்தவர்கள் என்ற எண்ணம் கூடவே வந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. ஷரீஅத் பெண்ணின் ஆடையில் கேட்பவை மறைக்க வேண்டியதை மறைத்தல், உடலோடு ஒட்டாத தளர்வு, ஊடுருவித் தெரியாத கனம் ஆகியவை. வெட்டும் தையலும் நெசவும் ஊர் வழக்கத்துக்கு விடப்பட்டவை. அன்சாரிப் பெண்கள் கறுப்புத் துணியால் போர்த்தி வந்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை ஒருவர் எடுத்துக் காட்டலாம், அது உண்மைதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இஹ்ராமில் குசும்பாப் பூச்சாயம் ஏற்றிய ஆடை அணிந்த செய்தியும் அதே அளவுக்கு உண்மை. நபி (ஸல்) அவர்கள் எமன் நாட்டுக் கோடு போட்ட போர்வையை விரும்பி அணிந்தார்கள். பயணத்தில் குறுகிய கையுள்ள வெளிநாட்டு ஜுப்பாவும் அணிந்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு உம்மு காலித் (ரலி) அவர்களின் நினைவு வரும். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற பெற்றோருக்கு அங்கே பிறந்த சிறுமி அவர். ஒருநாள் நபியவர்களிடம் வந்த துணிகளில் வேலைப்பாடுள்ள ஒரு சிறிய கறுப்பு ஆடை இருந்தது. இதை யாருக்கு உடுத்தலாம் என்று கேட்டுவிட்டு, அந்தச் சிறுமியை வரவழைத்துத் தம் கையாலேயே உடுத்திவிட்டார்கள். அது நைந்து பழசாகும்வரை உடுத்தி வாழ வேண்டும் என்று துஆச் செய்தார்கள். பிறகு அதிலிருந்த பச்சையோ மஞ்சளோ ஆன வேலைப்பாட்டைச் சுட்டிக்காட்டி, அழகாயிருக்கிறது என்பதை அந்தக் குழந்தை வளர்ந்த அபிசீனிய மண்ணின் சொல்லாலேயே சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஒரு பெண்குழந்தையின் உடையில் பூவேலையும் இருக்கலாம், அவள் வளர்ந்த மண்ணின் மொழியும் அதைப் புகழலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்தத் துஆவையும் நினைத்துப் பாருங்கள். நைந்து போகும்வரை உடுத்துவதற்கு இன்று நம் பிள்ளைகளின் உடைகளில் எதுவுமே நம்மிடம் தங்குவதில்லை.

இனித் தையலுக்கு வருகிறேன். ஒரு பெண்குழந்தைக்கான பெருநாள் உடையை, அதாவது பாவாடை, முழுக்கைச் சட்டை, ஒரு சிறு துப்பட்டி ஆகிய மூன்றையும், வீட்டு மிஷினில் தைக்க முடியும். எங்கள் செக்டாரில் சில பெண்கள் ரஜபிலேயே தொடங்கிவிடுகிறோம். ரமலான் வந்தபின் ஊசியைத் தொட நேரமிருக்காது. குர்ஆனுக்குரிய மாதத்தைத் துணிக்குக் கொடுப்பதும் அழகன்று.

துணியைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடற்பயண நூல், அர்கரு என்ற நகரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது; அந்த நகரம் நம் உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிவு. இன்றும் உறையூரிலும், காவிரிக்கரையில் மேற்கே மணமேட்டிலும் பருத்திச் சேலைகள் கைத்தறியில் நெய்யப்படுகின்றன. மே மாதத்தில் நாற்பது பாகையைத் தொடும் நம் ஊர் வெயிலில், வியர்வையை உறிஞ்சாத பாலியெஸ்டர் துணியில் பிள்ளைகளைச் சுற்றி அனுப்புவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு மணமேட்டுச் சேலையை வாங்கினால் ஒரு சிறுமிக்குப் பாவாடையும் சட்டையும் தைத்து, மீதியில் தங்கைக்கும் ஏதாவது தேறும். அம்மாவின் பழைய சேலையே இருந்தால் இன்னும் நல்லது. பலமுறை துவைத்த பருத்தி உடம்பை உறுத்தாது. சேலைக்கரை பாவாடையின் அடிக்கரையாக அப்படியே அமைந்துவிடும்.

புதுப் பருத்தியை ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். துப்பட்டிக்கு லாங்கிளாத் அல்லது சற்றுக் கனமான மல் துணி ஏற்றது. அதைக் கத்திரியால் வெட்டாமல், ஓரத்தில் சிறிது கீறிவிட்டு நேரே கிழிப்பதே நல்லது. பருத்தி தன் இழையோடு தானே நேராகக் கிழியும். இரண்டு பட்டைகளின் கரைகளையும் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றாமல் பக்கத்தில் பக்கமாக வைத்து, இரண்டையும் சிறு சிறு தையலாகக் கையால் பிணைத்தால் நடுவில் தடிப்பு எழாது. மிஷினில் அடிப்பதானால் விளிம்பு உள்ளே மறையும்படி இருமுறை மடித்து அடிக்கலாம். அகலத் துணி எளிதில் கிடைக்கும் இந்நாளில் நடுத்தையல் எதற்கு என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனாலும் முதல்முறை தைக்கும் பெண்ணுக்கு ஒரு நேர்கோட்டுத் தையலைவிட நல்ல பாடம் கிடையாது.

பாவாடையில் எனக்குப் பிடித்தது டக். இடுப்புச் சுற்றளவைப்போல் மூன்று மடங்கு துணி எடுத்து, மடிப்பு வைத்துப் பட்டையில் பிடித்து நாடா கோத்தால் பாவாடை ஆயிற்று. அதற்குமேல் அடிக்கரைக்குச் சற்று மேலே இரண்டோ மூன்றோ டக் பிடிக்க வேண்டும். ஓர் அங்குல ஆழமுள்ள டக் இரண்டு அங்குலத் துணியை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். பிள்ளை வளர வளர ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் அவளோடு கூடவே வளரும். மூன்று டக் என்றால் ஆறு அங்குல வளர்ச்சி. ஒரே பாவாடையில் நான்கு பெருநாள். பிரித்த இடத்தில் வெயில் படாத கோடு ஒன்று தெரியும். அதை மறைக்கச் சிலர் நாடா வைத்துத் தைப்பார்கள். நான் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக் குறித்து வைப்பதைப் போல அழகானது அது. இஸ்ராஃபைப் பற்றி நாம் படித்ததெல்லாம் இந்த மூன்று மடிப்புகளில் இருக்கிறது.

சட்டைதான் கடினம், சட்டையில்தான் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கடை ஆடை ஒரு பொம்மையின் மேல் மாட்டி அளக்கப்படுகிறது. அந்தப் பொம்மை நிற்கும், தொழாது. நம் பிள்ளை அதே சட்டையோடு தக்பீருக்குக் கை உயர்த்தும்போது கைநுனி மணிக்கட்டிலிருந்து சரிந்து முழங்கைப் பக்கம் போகிறது. ருகூவில் குனியும்போது முதுகுப்பக்கம் மேலேறி இடுப்பு தெரிகிறது. ஸுஜூதில் கழுத்து தொங்குகிறது. தொழுகை முழுவதும் ஒரு கையால் உடையை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும் பெண்பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தைக்கும்போது அளவெடுக்கும் முறையையே மாற்றிவிடலாம். பிள்ளையைத் தொழச் சொல்லி, ஒவ்வொரு நிலையிலும் டேப் பிடியுங்கள். கை உயர்த்திய நிலையில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை எடுத்த அளவே கையின் நீளம். குனிந்த நிலையில் கழுத்தெலும்பிலிருந்து இடுப்புக்குக் கீழே ஒரு சாண்வரை எடுத்த அளவே முதுகின் நீளம். பிறகு அக்குளில் நான்கு மூலையும் சமமான ஒரு சிறு சதுரத் துண்டை, கைக்கும் உடம்புக்கும் இடையில் மூலை வாட்டமாக வைத்துத் தைத்துவிட்டால், கை எவ்வளவு உயர்ந்தாலும் சட்டை இழுபடாது.

அந்த அக்குள் துண்டு நம் பழைய சட்டைகளில் இருந்தது. மலாய்ப் பெண்களின் பாஜூ குரோங்கிலும் அதே துண்டு அதே இடத்தில் இருக்கிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய பாஜூ ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்: உடல் இரண்டு நீள்சதுரம், கை இரண்டு நீள்சதுரம், பக்கங்களில் கீழ்நோக்கி விரியும் துண்டுகள், அக்குளில் சதுரம். வளைவாக வெட்டி வீணாக்கும் துணி மிகக் குறைவு. வெப்ப நாட்டில், தொழும் பெண்களுக்காக, கையில் ஊசியுள்ள பெண்கள் யோசித்த வெட்டு அது.

துப்பட்டிக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு குறை நியாயமானது. அதை ஒரு கையால் பிடித்தபடியே இருக்க வேண்டும். தஞ்சாவூர்ச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிச் செல்லும் ஆசிரியைக்கும், கையில் புத்தகமும் மறு கையில் பேருந்துக் கம்பியுமாக நிற்கும் கல்லூரி மாணவிக்கும் அது உதவாது. சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு கைகளையும் பெண்ணுக்குத் திருப்பித் தந்தது புர்கா என்று சொன்னால் மறுக்க மாட்டேன். அபாயா அணிந்துகொண்டு வெளியூர் சென்று படித்து வந்த ஒரு தலைமுறையே நம்மிடையே இருக்கிறது. சாலைக்கு அபாயாவே இருக்கட்டும். அந்த அபாயாவையும் பருத்தியில், வீட்டில், கல்லும் ஜிகினாவும் இல்லாமல், தொழுது பார்த்து எடுத்த அளவில் ஏன் தைக்கக் கூடாது? துப்பட்டிக்குப் பெருநாள் திடலும் நிக்காஹ் மஜ்லிஸும் வீட்டுத் தொழுகையும் போதும். உள்புறம் தலையோடு கட்டிக்கொள்ள ஒரு நாடாவையும், கழுத்தருகே ஓர் அழுத்துப் பொத்தானையும் வைத்துத் தைத்துவிட்டால் கையும் விடுபடும். மரபு என்பதற்காக ஓர் அசௌகரியத்தைச் சுமக்க வேண்டும் என்று பாட்டிமார் யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் பாட்டிகள் புர்காவா அணிந்தார்கள் என்று கேட்டு, நம் பெண்களின் தலைத்துணியில் கை வைக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை சாட்சியம் சொல்லாது. கர்நாடகத்தில் 2022இல் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்ட மாணவிகளின் வழக்கு அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரின் மாறுபட்ட தீர்ப்புகளோடு நின்றது. என்ன உடுத்துவது என்பதை உடுத்தும் பெண் முடிவு செய்யட்டும் என்பதே என் நிலை. கடைக்காரர் முடிவு செய்வதையே ஏற்காத நான் அரசாங்கம் முடிவு செய்வதை எப்படி ஏற்பேன்?

உடையைத் தம் கையில் வைத்துக்கொண்ட பெண்களுக்கு நம் காலத்திலேயே பெரிய முன்மாதிரி பலஸ்தீனத்தில் இருக்கிறது. அங்கே கிராமத்துப் பெண்களின் நீண்ட அங்கியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிப் பூவேலை உண்டு; தைத்தவளின் ஊரை உடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1948இல் ஊர்களை விட்டு விரட்டப்பட்டவர்கள் அகதி முகாம்களிலும் அந்தப் பூவேலையைத் தொடர்ந்தார்கள். 1987இல் தொடங்கிய முதல் இன்திஃபாதாவின்போது கொடி பிடிப்பது தடுக்கப்பட்டிருந்ததால், கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் அங்கிகளின் மார்பில் தைத்து உடுத்தினார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. ஊரை இழந்தவர்கள் உடையைத் தைத்துக் காத்திருக்கிறார்கள். ஊரும் வீடும் மிஷினும் உள்ள நாம் நம் உடையை யாரும் கேட்காமலே விட்டுக் கொடுத்திருக்கிறோம். பலஸ்தீனத்துக்காக நாம் துஆச் செய்கிறோம். அவர்களிடமிருந்து கற்கவும் நமக்குக் கடமை உண்டு.

தையல் குறைந்துவிட்டதன் இழப்பு பெருநாளோடு முடிவதில்லை. ஒரு பெண் மரணித்துவிட்டால் அவளுக்கான கஃபனை வெட்டத் தெரிந்தவர்கள் நம் மஹல்லாக்களில் அருகி வருகிறார்கள். பெண்ணுக்கு ஐந்து துணிகள் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ இரண்டிலும் உள்ள முறை. இரண்டிலும் ஒரு கமீஸும் தலைக்கு ஒரு கிமாரும் உண்டு. கமீஸுக்கு நீளத் துணியைத் தோளில் மடித்துத் தலை நுழையும் அளவுக்குக் கழுத்தை மட்டும் திறக்க வேண்டும். துணியின் அகலம் போதாவிட்டால் இரண்டு பட்டைகளை இணைக்க வேண்டும், துப்பட்டிக்கு இணைப்பதைப்போலவே. வீட்டில் அழுகையும் அவசரமுமாக இருக்கும் அந்த நேரத்தில், கத்திரியைப் பிடித்துக் கை நடுங்காமல் நிற்க ஒரு பெண் வேண்டும். அவளுக்கு அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வரும்? பாவாடையும் மக்கனாவும் தைத்துப் பழகிய கையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களிடம், தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை சொன்னதாக முஸ்னது அஹ்மதில் பதிவாகியிருக்கிறது. இத்ரீஸ் (அலை) அவர்கள் தையல் தொழில் செய்தவர் என்ற செய்தியும் முன்னோர் நூல்களில் வழங்கி வருகிறது. கொதிகலன் குழாய்களை மயிரிழை பிசகாமல் இணைக்கும் கைகள் நம் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. அறுந்த சட்டைப் பொத்தானை மட்டும் மனைவி வரும்வரை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. மகளுக்கு ஊசி கோக்கக் கற்றுக் கொடுக்கும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நேரத்தையும் கூலியாகக் கணக்கிட்டால் வீட்டுத் தையல் மலிவானதன்று. மலிவுக்காகத் தைக்கச் சொல்வதும் என் நோக்கமன்று. தைக்க நேரமே இல்லாத வீடுகளும் உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணிடம் இன்னொரு வேலையைச் சுமத்தினால் அது அநீதியாகிவிடும். அப்படிப்பட்ட வீடுகள் தொழுகையில் எடுத்த அளவைக் காகிதத்தில் எழுதி, துணியையும் அளவையும் தைக்கத் தெரிந்த ஒரு சகோதரியிடம் கொடுத்துவிட்டால் போதும். அளவு நம்முடையதாக இருக்கிறதே.

அந்தச் சகோதரி யார் என்று தேடவும் வேண்டியதில்லை. ஜகாத் நிதியிலிருந்து விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் தையல் மிஷின் வாங்கிக் கொடுப்பதை நம் ஜமாஅத்துகள் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. தமிழ்நாடு அரசும் சமூக நலத்துறை வழியாகவும் சிறுபான்மையினர் நலத்துறை வழியாகவும் இலவசத் தையல் இயந்திரங்கள் வழங்குகிறது. மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கமும் இத்தகைய உதவிகளுக்காகவே ஏற்பட்டது. மிஷினைக் கொடுக்கும் நாளில் புகைப்படம் எடுக்கிறோம். அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்: மிஷின் மேல் ஒரு போர்வை, போர்வை மேல் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள். வேலை வந்தால்தானே மிஷின் ஓடும்? மிஷினைக் கொடுத்த கையாலேயே ஆயத்த அபாயாவை வாங்கி வந்துவிட்டு, அவள் தொழில் செய்து முன்னேறவில்லையே என்று பேசுகிறோம். முஃமின்களின் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை ஸதக்காவாகக் கொடுத்தவர்கள். மனைவியரில் நீண்ட கையுடையவர் என்ற சிறப்பு அவர்களுக்கு அதனால் அமைந்தது. கைத்தொழிலுக்கு நம் மார்க்கத்தில் இருக்கும் அந்த இடத்தை நம் மஹல்லாவில் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மக்தப் மதரஸாவில் ஓதும் பெண்பிள்ளைகளுக்கான வெள்ளை மக்கனாக்களை மொத்தமாக வெளியிலிருந்து வாங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வரும் ஆண்டு அந்த வேலையை, நம்மிடம் மிஷின் பெற்ற பெண்களுக்கே பிரித்துக் கொடுங்கள். துணியை ஜமாஅத் வாங்கித் தரட்டும். தையற்கூலி கடைக்கூலிக்குக் குறையாமல் இருக்கட்டும். மக்கனாவில் கடினமான வெட்டு ஏதுமில்லை: நெற்றியிலிருந்து கன்னம் வழியாகத் தாடைக்கு அடியில் சுற்றி எடுத்த அளவுக்கு முகத் திறப்பு, முன்புறம் மணிக்கட்டையும் பின்புறம் இடுப்பையும் மறைக்கும் நீளம், ஓரம் முழுவதும் இருமுறை மடித்த தையல். பிள்ளைகளை மதரஸாவிலேயே வரிசையாக நிறுத்தி, தக்பீர் கட்டச் சொல்லி, ஸுஜூது செய்யச் சொல்லி அந்தப் பெண்களே அளவெடுக்கட்டும். ரஜப் பிறந்ததும் துணி கைக்கு வந்துவிட்டால் ஷஃபான் பாதிக்குள் இன்ஷா அல்லாஹ் எல்லாம் தைத்து முடிந்துவிடும்.